பணக்காரத் தெருக்களில் கார் பழகிய ஞாயிற்றுக்கிழமை

ரொறொன்ரோவுக்கு வருபவர்கள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள், நயாகராவுக்குப் போகிறார்கள். கோடீஸ்வரர்களின் தெருக்களைச் சுற்றிப் பார்க்கலாமா என்று அண்மையில் ஒரு வாசகி கேட்டிருந்தார். தாராளமாகப் பார்க்கலாம். நான் பார்த்தது 1996 ஒக்ரோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் வீடு பார்க்கப் போகவில்லை, கார் பழகப் போனேன்.

அப்போது நாங்கள் வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் அவெனியூவை ஒட்டிய ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். யூனியன்வில்லில் எனக்கு ஒரு கணக்கு வேலை சரிவந்திருந்தது. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கவேண்டும், அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. லைசன்ஸ் எடுத்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு றோட் ரெஸ்ற். முதல் தடவை இடதுபக்கம் திரும்பவேண்டிய சந்தியில் பச்சை விளக்கு சிவப்பாகும்வரை அசையாமல் நின்று தோற்றிருந்தேன்.

தோற்றதற்குப் பாதிக் காரணம் என் பயம். மீதிக் காரணம் என் கணவர். ஊரில் வீட்டுப் பிளான் கீறியவர், பொறுமைசாலி. ஆனால் நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தால் போதும், அந்தப் பொறுமை பறந்துவிடும்.

"பிரேக்! பிரேக்கை அமத்தும்! உங்கை பஸ் வாறது தெரியேல்லையே?"

"அது ஸ்ரொப்பிலை நிக்குதப்பா."

"நிண்டால் வெளிக்கிடாதே?"

இவருடைய ராக்சி ஓடும் நண்பர்தான் வழி சொன்னார்: "பணக்காரற்றை தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு ஈ காக்கை இராது." இவர் சனி இரவு முழுக்க பேக்கரி வேலையில் நின்றுவிட்டு வந்து, ஒரு தேத்தண்ணியோடு வெளிக்கிட்டார். பத்து டொலருக்குப் பெற்றோல் அடித்தோம். அன்றைய மொத்தச் செலவு அவ்வளவுதான்.

முதலில் ஃபொறெஸ்ற் ஹில். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அதுவரை இவர் ஓட்டி வந்து, ஒரு மேப்பிள் மரத்தடியில் இடம் மாறினோம். தெரு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலை. கல்லால் கட்டிய வீடுகள், சுவரில் படர்ந்த கொடிகளும் சிவந்திருந்தன. நான் இருபதில் உருட்டினேன். "சிக்னலைப் போடும்…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"உந்தக் கூரையைப் பாரும்."

"நான் றோட்டைப் பாக்கிறன்."

"கல்லை ஓடு மாதிரி வெட்டிப் போட்டிருக்கிறாங்கள், என்ன வடிவு!"

அதற்குப் பிறகு மூன்று தெருவுக்கு இவர் கூரைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். என் கையின் இறுக்கம் தானாகத் தளர்ந்தது. கார், சொன்னபடி கேட்கிற ஒரு பிள்ளை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது றோஸ்டேல். அங்கே தெருக்கள் வளைந்து வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். மூன்றாம் முறையும் அதே நீலக் கதவின் முன்னால் வந்து நின்றோம். நாயோடு நடந்துவந்த ஒரு வயதான அம்மா கண்ணாடியைத் தட்டி, "வீடு வாங்கப் பார்க்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, அந்த ஜன்னலை மட்டும் பார்க்கிறோம்" என்றார் இவர்.

"அது என் வீட்டு ஜன்னல்தான். மழை வந்தால் ஒழுகும், வாளி வைக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். எங்களுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பெரிய இடத்திலும் வாளி வைக்கிறார்கள் என்பதில் மனதுக்கு ஒரு சின்ன ஆறுதல், பொய் சொல்வானேன்.

பிறகு இவர் ஓட்ட, பேவியூ வழியே வடக்கே ஏறி பிரைடல் பாத்துக்கு வந்து மறுபடி இடம் மாறினோம். இங்கே நடைபாதையே கிடையாது. நடந்து போகிறவர்களை யாரும் எதிர்பார்க்கவில்லைப் போலும். இரும்புப் படலை, அதற்குப் பின்னால் பச்சைப் புல், எங்கேயோ தொலைவில் வீடு. பின்னேர வெயில் சாய்ந்து, உதிர்கிற ஒவ்வொரு இலையும் அவசரமில்லாமல் இறங்கியது. ஒரு மனிதரும் இல்லை. யாரோ நித்திரையில் கண்ட ஊருக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டோம் போல இருந்தது.

"இடப்பக்கமோ, நேரையோ?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், இவர் கண்ணாடியில் தலை சாய்த்து நல்ல நித்திரை.

எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். சிறு குறட்டை கேட்டது. இந்த மனிதர் பகலில் தொழிற்சாலை, வாரக்கடைசியில் பேக்கரி என்று எத்தனை நாளாக ஓடுகிறார். எழுப்ப மனம் வரவில்லை. அதே தெருவை இரண்டு முறை சுற்றினேன். பிறகு லோறன்ஸைக் கண்டதும் கிழக்கே திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு எட்டுக் கிலோமீட்டர். லெஸ்லி, டொன் மில்ஸ், விக்ரோறியா பார்க் என்று சந்திகள் ஒவ்வொன்றாக வந்தன. லொறி வந்தது, பஸ் வந்தது. எங்கள் கட்டடத்துக்கு இடதுபக்கம் திரும்பவேண்டும். சந்தியின் நடுவில் போய் நின்றேன். எதிரே வாகனங்கள் முடிவில்லாமல் வந்தன. காதுக்குள் யாரும் கத்தவில்லை. ஒரு இடைவெளி வந்தது. திருப்பினேன். கார் தரிப்பிடத்தில் என் பாட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். அழுகை வந்தது, அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஒக்ரோபர் நடுப்பகுதி, ஞாயிறு மத்தியானத்துக்குப் பின் நல்லது. றோஸ்டேலுக்கு சப்வேயில் போய் நடக்கலாம், அதே பெயரில் ஸ்ரேசன் உண்டு. பிரைடல் பாத்துக்குக் கார் வேண்டும். யாருடைய படலைக்கு முன்னாலும் நிறுத்தாதீர்கள். அங்கே கடை இல்லை, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பழகுபவருக்குப் பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவர் விழித்திருக்கவும் வேண்டும். எங்களைப் பார்த்துப் பழகாதீர்கள். செவ்வாய்க்கிழமை நான் பாஸ். வேலையும் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் கழித்து இவர் கண்விழித்தார். எங்கே நிற்கிறோம் என்று நாலுபக்கமும் பார்த்தார். எங்கள் கட்டடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"கனவிலை ஒரு பெரிய வீட்டுக்குப் போறம்" என்றார். "நான் கீறின வீடு. நீர்தான் கார் ஓடுறீர்."

"நீங்கள் கத்தினனீங்களே?"

"இல்லையப்பா. நான் வீட்டைப் பாத்துக்கொண்டு வந்தனான்."