மாயவனின் வலது கை

செவ்வந்தியைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் குறைவாகப் பேச மாட்டார்கள். புருஷனை மனக்குறை இல்லாமல் அனுப்பி வைத்த மகராசி என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வீட்டுக்கு எதிரே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். நடந்தது எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. செவ்வந்தி களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று எது கிடைத்தாலும் போவாள். வாயும் ஜாஸ்தி, வேலையும் ஜாஸ்தி. அவள் புருஷன் மாயவன் மரவள்ளிக் கிழங்கு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். நல்லவன், சூது தெரியாதவன். அவனுக்கு இருந்த ஒரே ஏக்கம் அப்பன் விட்டுப்போன முக்கால் ஏக்கரில் தன் பங்கு. அண்ணன் அய்யனார் அதைப் பிரித்துக் கொடுக்கவே இல்லை. கேட்டால் அறுப்பு முடியட்டும் என்பான். எத்தனையோ அறுப்பு முடிந்தது.

போன வருஷம் கல்வராயன் மலையிலிருந்து லோடோடு இறங்கும்போது, ஒரு வளைவில் மாயவன் மூட்டை மேலிருந்து தலைகுப்புற விழுந்தான். ஆஸ்பத்திரியில் தலையில் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். நினைவு மட்டும் திரும்பவில்லை. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். மூக்கில் கஞ்சிக் குழாயோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

பிசியோதெரபி செய்யும் தீனதயாளன் சார் வாரம் ஒரு தடவை பைக்கில் வந்து பார்ப்பார். டிபன் டப்பா அளவுக்கு ஒரு மெஷின் கொடுத்திருந்தார். அதன் ஒயரை வலது மணிக்கட்டின் உள்பக்கம் ஒட்டினால் கரண்ட் விட்டுவிட்டுப் பாயும். அந்த நரம்பு வழியாக மூளையைத் தட்டித் தட்டி எழுப்பிப் பார்ப்பதுதான் வைத்தியமாம். எழுந்தவர்களும் உண்டு, எழாதவர்களும் உண்டு, சத்தியம் பண்ண மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"மெஷின் ஓடும்போது வெரலு மடங்கும்மா. அது கரண்டால, அதை நம்பாதீங்க. ஒயரை எடுத்தப்புறம் தானா புடிச்சாருன்னா, அப்பதான் அவரு திரும்பி வராருன்னு அர்த்தம். அதுவரைக்கும் வாயில சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும்."

செவ்வந்தி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காலையும் சாயங்காலமும் மெஷினைப் போடுவாள். போட்டுவிட்டு, தூங்கினது போதும் எழுந்திரிய்யா என்று அவனைத் திட்டிக்கொண்டே படுக்கைப் புண்ணுக்கு மருந்து தடவுவாள். ஒயரை எடுத்ததும் தன் விரலை அவன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மாசக் கணக்கில் காத்திருந்தாள். அந்தக் கை பிடிக்கவே இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டதெல்லாம் மெஷின் ஓடும் நேரத்துக் கைதான். மடங்கும், விரியும், மறுபடி மடங்கும். அய்யனார் பெண்டாட்டி பச்சையம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவன் மண்ணைப் பிடிக்கப் பார்க்கிறான், நிலத்து ஆசையில் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்றாள். இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு அவர் ஆசைப்பட்ட மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஆசை அடங்கி உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பார்கள். கட்டினவள் கையால்தான் ஊற்ற வேண்டும்.

அது கரண்ட் வேலை என்று செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். யார் கேட்டார்கள்? தெருவே பச்சையம்மாளோடு சேர்ந்துகொண்டது. அய்யனார் தினமும் வந்து தேன் ஒழுகப் பேசினான். அவள் பட்டினிக்கு அசரவில்லை, தூக்கம் கெட்டதற்கும் அசரவில்லை. ஒருநாள் அவன் சொன்ன ஒரு பேச்சில்தான் ஒடிந்துபோனாள்.

"ஒன் தாலிக்காக அவன இப்டி கரண்டு வச்சி வதைக்கிறியேம்மா. அவன் இன்னா பாவம் பண்ணான்?"

சார் வரட்டும், அதுவரை பொறுடி என்று நான் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் அய்யனார் மண் கொண்டு வந்தான். தம்பி நடமாடின காலத்தில் ஒரு சாண் தராத அதே நிலத்து மண். சொம்பில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பதமாகக் கொண்டு வந்தான் பாவி.

கரண்ட் ஓடும் உடம்போடு அனுப்பக் கூடாது என்று செவ்வந்தியே ஒயரைப் பிய்த்துப் போட்டாள். அவன் தலையை மடியில் ஏந்தி, இடது கையால் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம்டி என்று நான் வாசலில் நின்று கத்தினேன். பெண்கள் என்னை வெளியே தள்ளிவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். இருமல் சத்தம் கேட்டது, பிறகு கொரகொரவென்று ஒரு சத்தம், பிறகு ஒப்பாரி. அய்யனார்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதான். காரியம் முடிந்த கையோடு முக்கால் ஏக்கரையும் ஒரே ஓட்டாக உழுதான்.

செவ்வந்தி பல நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். துணி தைக்க வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத மடக்கு ஊத்தினப்பவே என் கையப் புடிச்சாருக்கா. கெட்டியா புடிச்சாரு."

ஒயர் எடுத்த பிறகா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அப்போதே நிறுத்தியிருக்கலாமேடி என்று என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

"இன்னும் வேணும்னு கேக்கறான் பாரு, ஊத்தும்மான்னு அவரு அண்ணன் சொன்னாரு. எனக்கும் அப்டிதான் தோணிச்சி. சொம்புல இருந்தத மொத்தமும் ஊத்திட்டேன்."