மஹ்லகா வாங்கிய மீன் டப்பா பங்குகள்

ரஷ்த் நகரில் கல்யாண உடைகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தாள் மஹ்லகா. நோய் பரவிக் கல்யாணங்கள் நின்றுபோன அந்த வசந்தத்தில், வெள்ளை கவுன்கள் உறையைக் கழற்றாமலே தொங்கின. கடையைத் திறப்பது, தூசி தட்டுவது, மூடுவது, அவ்வளவுதான் வேலை. ஊரோ பங்குச்சந்தையில் இறங்கியிருந்தது. ரொட்டிக்கு வரிசையில் நின்றாலும் அதே பேச்சு, டாக்ஸியில் ஏறினாலும் அதே பேச்சு. பணத்தை டோமான் நோட்டாகவே கையில் வைத்திருந்தால் வெயிலில் வைத்த வெண்ணெய்தான் என்று பக்கத்துக் கடிகாரக் கடை நுஸ்ரத் சொல்லிச் சொல்லியே அவளைக் கரைத்துவிட்டான். சேமிப்பில் பெரும்பகுதியை அன்சலி துறைமுகத்தில் மீனை டப்பாவில் அடைக்கும் ஒரு கம்பெனியின் பங்குகளில் போட்டாள். ஏன் அந்தக் கம்பெனி என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: அவள் சமையலறையில் அந்த டப்பா இருந்தது.

வாங்கிய பிறகுதான் பயம் பிடித்தது. எதை வாங்கினோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? டெலிகிராமில் காசு கட்டி ஒரு குழுவில் சேர்ந்தாள். போனில் நடந்த இலவச வகுப்பிலும் உட்கார்ந்தாள். குழுவை நடத்தியவன் அவளுடைய கம்பெனியின் விலைக்கோட்டைக் காட்டி, இது கோப்பை வடிவம், ஏறும் என்றான். அதே வாரம் வகுப்பு எடுத்தவர் அதே கோட்டைக் காட்டி, இது தலையும் இரண்டு தோளும், இறங்கும் என்றார். இரண்டு படங்களையும் கணவன் கியூமர்ஸின் முன்னால் வைத்தாள். அவன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

"உங்களுக்கு இது எப்படித் தெரியுது?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான். "ஒட்டகம் மாதிரி இருக்கு."

"ஒட்டகம்னா வாங்கணுமா, விக்கணுமா?"

"அது படுத்திருக்கா, எழுந்திருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

கம்பெனிகள் தங்கள் கணக்கைக் கட்டாயம் வெளியிட வேண்டிய அரசாங்க இணையதளம் ஒன்று உண்டு என்று வகுப்பில் யாரோ பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்கள். அதைத் தேடிப் பிடித்து, புரியாத சொற்களுக்கு அகராதி பார்த்துப் பார்த்துப் படித்தாள். மீன் விற்பனை குறைந்திருந்தது, லாபமோ இரண்டு மடங்காகியிருந்தது. தான்தான் தப்பாகப் படிக்கிறோம் என்று நினைத்து மறுபடி படித்தாள். மறுபடியும் அப்படியே இருந்தது. குழுவில் கேட்டாள், அவளை வெளியேற்றிவிட்டார்கள். நுஸ்ரத்திடம் கேட்டபோது, விலை ஏறுகிறதா இல்லையா, அதற்கு மேல் ஏன் துப்பறிகிறாய் என்று சிரித்தான்.

கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சீக்கிரமே போய் இடம் பிடித்தாள். முகக்கவசத்தோடே எழுந்து நின்று, விற்பனை குறைந்தும் லாபம் எப்படிக் கூடியது என்று கேட்டாள். தலைவர் உலக நிலைமை, எதிர்காலம் என்று நெடுநேரம் பேசினார். அவர் பக்கத்தில் இருந்த மெலிந்த தணிக்கையாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"தொழிற்சாலைக்குப் பின்னாடி இருந்த மனையை வித்தாங்க, அம்மா. அதுல வந்த காசுதான் இது."

"அடுத்த வருஷம்?"

"விக்கறதுக்கு இன்னொரு மனை இல்லை."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் கொலூச்சே பிஸ்கட் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

நாளைக்கு எல்லோரும் விற்பார்கள் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியில் நுஸ்ரத்திடமும் சொல்லியிருந்தாள். மறுநாள் விலை ஏறியது. அதற்கு மறுநாளும் ஏறியது. தன் காதில்தான் கோளாறோ என்று கியூமர்ஸிடம் கேட்டபோது, கூட்டத்துக்குப் போனது நீ, என் காதை ஏன் கேட்கிறாய் என்றான். விற்கவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் பாதியை விற்றாள். அதன் பிறகும் பல வாரங்கள் விலை ஏறிக்கொண்டே போக, விற்ற பாதியில் இன்று எத்தனை கவுன் விலை போயிற்று என்று நுஸ்ரத் தினமும் கேட்டான்.

கோடையின் கடைசியில் சந்தையே சரிந்தது. மீன் கம்பெனி விழுந்தது. மனை எதையும் விற்காமல் ஒழுங்காகச் சம்பாதித்த கம்பெனிகளும் சேர்ந்தே விழுந்தன. அப்படியானால் தான் படித்தது சரியா, அதிர்ஷ்டத்தில் தப்பித்தோமா? மஹ்லகாவுக்கு விளங்கவில்லை.

ஒரு மத்தியானம் நுஸ்ரத் கடைக்குள் வந்து, மணப்பெண்கள் உட்காரும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அவனிடமும் அதே மீன் கம்பெனிப் பங்குகள் இருந்தன; முகம் வாடியிருந்தது.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு அக்கா. எனக்குச் சொல்லலையே."

"அன்னைக்கே வந்து சொன்னேனே தம்பி."

"சொன்ன. உறுதியா சொல்லலையே."

"எனக்கே உறுதியா தெரியலையே. தெரியாததை எப்படி உறுதியா சொல்றது?"

அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, அந்த இணையதளத்தை எப்படித் திறப்பது என்று போனை நீட்டினான்.

அதற்குப் பிறகு வேறு சிலரும் வரத் தொடங்கினார்கள். கணக்கு எங்கே இருக்கிறது, தணிக்கையாளர் எழுதியது எந்தப் பக்கம் என்று காட்டுவாள். வாங்கலாமா என்றால் தெரியாது என்பாள். ஏதோ ஒளிக்கிறாள் என்று இரண்டு பெண்கள் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். மீதிப் பங்குகளை அவள் இன்னும் விற்கவில்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கும் போனாள். தணிக்கையாளர் இருக்கையில் வேறொருவர் இருந்தார். எழுந்து கேள்வி கேட்டாள். அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. கூட்டம் முடிந்ததும் மீதியைக் கேட்க அவரைத் தேடிக்கொண்டு படியிறங்கினாள்.