தம்பியைப் பார்த்த வெளிச்சம்

சூடேறிய குண்டு பல்பின்மேல் ஈசல் வந்து விழுந்தால், சுருக்கென்று ஒரு சத்தமும் முடி கருகுவது போன்ற ஒரு வாடையும் வரும். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கினால் வருகிற ஏலத்தோட்டங்களில் ஒன்றில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய "லயத்து" வீடு எங்களுடையது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அங்கே "கரண்டு" வந்தது. மின்விளக்கைக் கண்டுபிடிக்க ஒருவர் தூக்கமில்லாமல் பாடுபட்ட கதையை டீச்சர் சொன்னபோது, அந்த மனிதர் எங்கள் லயத்துக்கு வந்துசேர இவ்வளவு காலமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதல் நாள் சாயங்காலம் பல்பு எரிந்ததும் எங்களுக்குக் கண்ணில் பட்டது சுவரின் கரி. கூரையில் தொங்கிய ஒட்டடை, அடுப்புக்கு மேலே பிசுக்கேறிக் கிடந்த கறுப்பு, மூலையில் நாங்கள் அறியாமலே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த கரப்பான்கள் எல்லாம் ஒரே நொடியில் வெளியே வந்து நின்றன. அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை வருடமும் மண்ணெண்ணெய் விளக்குதான் எங்கள் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அப்பா அண்ணாந்து பார்த்து, "இம்புட்டு அழுக்குக்குள்ளயா நாம இருந்தோம்?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்குப் போய்வந்த கையோடு சுண்ணாம்பு அடித்தார். எதையும் மறைக்காத வெளிச்சம் என்று அன்று முதல் அந்த பல்பை முழுதாக நம்பினோம்.

இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை பகலில் வீட்டுக்குள் ஆள் முகம் தெரிய வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைத்தாக வேண்டும். திறந்தால் மூடுபனியும் சாரலும் கேட்காமல் உள்ளே வரும். பல்பு வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. மழைக்காலம் முழுக்க எல்லா வீட்டுக் கதவுகளும் மூடியே கிடக்க, உள்ளே பகலிலும் பல்பு எரிந்தது. எங்களுக்கும் வசதி வந்துவிட்டதென்று நான் உச்சி குளிர்ந்து போயிருந்தேன்.

அந்த ஆடி மழையில்தான் தம்பி பிறந்தான். எட்டு வருடம் நான் ஒற்றைப் பிள்ளையாக இருந்த வீட்டுக்கு, தோட்டத்து "டிஸ்பென்சரி"யிலிருந்து கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் குளிர்காற்று ஆகாது என்பது லயத்துச் சட்டம். கதவிடுக்கில் சாக்கைத் திணித்து அடைத்தார்கள். பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அப்பா ஒயரைத் தழைய இறக்கி, பல்பு தொட்டிலுக்கு நேர் மேலே தொங்கும்படி கட்டினார். மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெயர் வைக்க மழை விடட்டும் என்று காத்திருந்தோம். அதுவரை அவன் எல்லோருக்கும் "தம்பி"தான்.

பக்கத்து வீட்டுப் பேச்சி பெரியம்மா லயத்திலேயே நிறையப் பிள்ளைகளைப் பார்த்தவள். தொட்டிலைக் குனிந்து பார்த்து, "ஏண்டி மரியா, மஞ்சக்கெழங்கு நெறத்துல பெத்து வச்சிருக்கியேடி, இந்த ஏலக்காட்டுல யாரக் கொண்டு பொறந்தான்?" என்று கேலி செய்தாள். அம்மா சிரித்தாள். காட்டு வேலையில் கறுத்துப்போன எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு நிறம் வந்ததில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. வந்த பெண்கள் எல்லோரும் அதையே சொல்ல, கண் பட்டுவிடும் என்று அம்மா அவன் கன்னத்தில் மையைப் பெரிதாக இட்டாள். அந்த வெளிச்சத்தில் எங்கள் எல்லோருடைய முகமும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருந்தது. யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அவன் அழுவது குறைந்தது. தூங்கிக்கொண்டே இருந்தான். "பால் இழுக்க மாட்டேங்கிறான் மதினி" என்று அம்மா கவலைப்பட்டபோது, "குளுருக்குச் சுருண்டு கெடக்கான், ஆத்தாளப் படுத்தாத பிள்ள" என்று பெரியம்மா சமாதானம் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் நடுப்பகலில் எங்கோ கம்பிமேல் மரம் விழுந்து கரண்டு போனது. வீடு இருண்டது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கதவத் தொறடி, தொட்டில் துணி நனஞ்சிருக்கான்னு பாக்கணும்" என்றாள். சாக்கை இழுத்துப் போட்டுக் கதவைத் திறந்தேன். மழை வெறித்த வானத்தின் வெளுத்த வெளிச்சம் உள்ளே வந்தது. அம்மா தம்பியை வாசலுக்குத் தூக்கி வந்தாள். அவனைச் சுற்றியிருந்த துணி வெள்ளையாக இருந்தது. அவன் முகமும் நெஞ்சும் உள்ளங்காலும் மஞ்சளாக இருந்தன. அம்மா அவன் இமையை விரலால் மெல்லப் பிரித்தாள். கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. "பேச்சி மதினி, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். பெரியம்மா வந்து அவன் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த இடமும் மஞ்சளாகவே இருக்க, ஜீப்புக்குச் சொல்லச் சேற்றில் ஓடினாள்.

தோட்டத்து ஜீப்பில் வளைவு வளைவாக மலையிறங்கிப் போடி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைக்கு முற்றிய மஞ்சள் காமாலை, அது மூளைக்கு ஏறிவிட்டது என்று சொன்ன டாக்டர், "கண்ணு முன்னாடி கெடந்த பிள்ளையப் பாக்காம என்னம்மா செஞ்சீங்க?" என்று கடிந்துகொண்டாராம். "நல்லா வெளிச்சம் போட்டுத்தான் பாத்தோம் சார்" என்று அம்மா சொன்னாளாம். பல வருடங்களுக்குப் பிறகு அப்பா என்னிடம் சொன்னது இது. அதைச் சொல்லும்போது அவர் அழுதார். தம்பியை முகமும் தெரியாமல் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்த அன்று கரண்டு வந்துவிட்டிருந்தது. தொட்டிலில்லாத இடத்தில் பல்பு தழையத் தொங்கி எரிந்துகொண்டிருந்தது.

அதன்பின் அம்மா எதையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவராமல் நம்பியதில்லை. அரிசி, துணி, காய்ச்சலில் கிடந்த என் நாக்கு எல்லாம் வாசலுக்கு வந்தாக வேண்டும். தங்கை பிறந்தபோது, கொட்டுகிற மழையில் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லயமே கூடித் திட்டியது. "குளுந்தாக் கம்பளி இருக்கு" என்பதைத் தவிர அவள் வேறு பதில் சொல்லவில்லை.

இப்போது குண்டு பல்பைத் தேடினாலும் கிடைப்பதில்லை. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதி வீடுகளில் பால் வெள்ளையாய் எல்இடி எரிகிறது. யாராவது அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சம் எவ்வளவு அழகு என்று ஏங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் தேனியில் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாளே நர்சு பார்த்து, காமாலை இருக்கிறது, பயமில்லை என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். கண்ணைத் துணியால் கட்டி, நீல வெளிச்சத்தின் கீழே பிள்ளை கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அம்மா பெட்டியின் பக்கத்திலிருந்து நகரவே இல்லை.

"மருந்து எப்படி உள்ள போகுது?" என்று கேட்டாள்.

"மருந்து இல்லம்மா. அந்த லைட்டுதான். அது பட்டாலே மஞ்ச எறங்கிரும்" என்றேன்.

"வெறும் லைட்டா?"

"ஆமாம்மா."

அம்மா அந்த நீல வெளிச்சத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு கண்ணாடியின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நம்ம வீட்லயும் அவன் தலமாட்டுல ஒண்ணு எரிஞ்சுக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றாள்.