ஈரம் பார்க்கும் மெஷின்

நான் டாக்டர் பட்டம் வாங்கியது பேரிங் அதிர்வில். சுழலுகிற தண்டைத் தாங்கும் பேரிங்குக்குள் ஒரு குண்டு தேய ஆரம்பித்தால், அது எழுப்பும் சத்தத்தை வைத்து எத்தனை நாளில் உடையும் என்று முன்கூட்டியே சொல்வது. ஆறு வருஷம் இதே பிழைப்பு. சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடகட சத்தம் கேட்டே என் இளமை போயிற்று. அந்த ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். என் வழிகாட்டி படித்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அதன்பிறகு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து, ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். நான் சேர்ந்த நேரம், மெக்கானிக்கலில் சேர ஆள் இல்லை. எல்லாப் பிள்ளையும் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டது. எங்கள் துறையில் பெஞ்சுகள் ஜாஸ்தி, தலைகள் கம்மி. ஒருநாள் டீன் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "சார், பேரிங்கை எல்லாம் மூட்டை கட்டுங்க. விவசாயம்னு ஒரு புராஜெக்ட் எழுதுங்க. முன்னாடி ஸ்மார்ட்டுன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோங்க. இல்லேன்னா துறையை மூடிருவாங்க."

மண்ணின் மேல் உள்ள பாசத்தால் விவசாய இயந்திர ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று பிற்பாடு மேடைகளில் பேசியிருக்கிறேன். சுத்தப் பொய். வேலை போய்விடும் என்ற பயத்தில் வந்தேன்.

நான் செய்தது மக்காச்சோளம் விதைக்கிற ஒரு மெஷின். டிராக்டருக்குப் பின்னால் மாட்டவேண்டியது. மண்ணைக் கீறுகிற கொழுவுக்குப் பக்கத்திலேயே ஈரம் அளக்கும் ஒரு சென்சார். ஈரம் மேலேயே இருந்தால் விதையை மேலாகப் போடும். ஈரம் கீழே இருந்தால் கொழு தானாகவே இறங்கி ஆழத்தில் போடும். விதை எங்கே விழுந்தாலும் ஈரத்தில்தான் விழும், உடனே முளைக்கும். கேட்கிறதுக்கு நல்லாத்தானே இருக்கிறது? எனக்கும் நல்லாத்தான் இருந்தது.

முதலில் செய்த மாதிரியில் ஆழத்தைக் கையால் மாற்ற ஒரு லீவர் வைத்திருந்தேன். புராஜெக்டுக்குப் பணம் கொடுக்கிறவர்களின் மதிப்பீட்டுக் குழுவிலிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். விவசாயியே ஆழத்தை முடிவு செய்தால் இதில் ஸ்மார்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அடுத்த வாரமே அந்த லீவரைக் கழற்றிப் போட்டுவிட்டேன். அதற்காக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசுகிற வயசெல்லாம் பேரிங்கோடு போயிற்று.

மெஷினை ஓட்டிப் பார்க்க நிலம் வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்தது குருவிகுளம் பக்கத்தில் ஒரு ஊரில். அத்தானுக்கு நாலு ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது, போர் போட்டால் உப்புத் தண்ணீர். வானம் பார்த்த பூமி. வருஷத்துக்கு ஒரே ஒரு விதைப்பு, அதுவும் புரட்டாசியில். அது தப்பினால் அடுத்த புரட்டாசிதான்.

அந்த வருஷம் அந்த விதைப்புக்கு இன்னொரு கனமும் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் சோலார் கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். போன் பண்ணும்போதெல்லாம், குடுத்துருங்கப்பா, முப்பது வருஷக் குத்தகை, நிம்மதியா இருங்க என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். அத்தானுக்கு மனசே இல்லை. கடைசியில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரு பேச்சு முடிவானது. இந்த வருஷ வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தால் சோலார் பேச்சை மகன் எடுக்கவே கூடாது. வராவிட்டால் அத்தான் கையெழுத்துப் போட்டுவிடவேண்டும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போய்க் கேட்டேன். ஒரு ஏக்கர் மட்டும் தாங்க அத்தான் என்றேன்.

"என்ன மாப்ள, ஒரு ஏக்கர்? ஊர்க்காரனா கேக்கான்? நாலையும் ஓட்டு," என்றார் அவர். "எங்க மாப்ள மெசின் கண்டுபிடிச்சிருக்கான், அதைப் பக்கத்து வயக்காரனா ஓட்டுவான்? சங்கடப்படாம ஓட்டு வே."

ஒன்று போதும் அத்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். நாலு ஏக்கர் என்றால் அறிக்கைக்கு நல்லது என்று என் புத்தி கணக்குப் போட்டது. சரி என்றேன்.

எங்கள் பக்கத்தில் புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மழை பெய்தபிறகு யாரும் விதைப்பதில்லை. மழைக்கு முன்னாலேயே, காய்ந்து கிடக்கிற புழுதியில், நல்ல ஆழத்தில் விதையைப் போட்டு மூடிவிடுவார்கள். அது அங்கே சும்மா கிடக்கும். தூறல் விழுந்தாலும் ஈரம் அந்த ஆழத்துக்கு எட்டாது, விதை ஏமாறாது. பெரிய மழை வந்து மண் முழுக்க நனைந்தால்தான் முளைக்கும். மழைக்குப் பிறகு விதைத்தால் என்ன என்று கேட்கலாம். நல்ல மழை பெய்த கரிசலில் காலை வைத்துப் பாருங்கள், முழங்கால்வரை இழுக்கும். டிராக்டர் இறங்காது. அது காய்ந்து வழிவிடுவதற்குள் பருவம் போய்விடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் என்ன அமெரிக்காவிலா பிறந்தேன்? எங்க அப்பா புழுதியில் விதைத்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மெஷினின் புரோகிராமில் இந்த ஒரு விஷயத்தை நான் எழுதவே இல்லை. ஈரம் இருக்கிற இடத்தில் விதை என்று புத்தகம் சொன்னது, எழுதினேன். ஈரமே இல்லாத இடத்தில் வேண்டுமென்றே போட்டுக் காத்திரு என்று எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் இன்னொருத்தர் வீட்டு அடுப்பையும் அணைத்தது.

விதைக்கப் போன நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தூறல் விழுந்திருந்தது. மேல்மண் கொஞ்சம் பிசுபிசுப்பு, கீழே பழைய புழுதி. சென்சார் மேலேயே ஈரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கொழு இறங்கவே இல்லை. மேலாகவே கீறிக்கொண்டு போனது. லேப்டாப்பில் கோடுகள் அழகழகாக வந்தன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் சால் முடிந்ததும் அத்தான் குனிந்து விரலால் மண்ணைக் கிண்டினார். ரோஸ் மருந்து தடவிய விதை விரல் நுனியளவு ஆழத்திலேயே கிடந்தது.

"மாப்ள, மேலால கெடக்கே. இம்புட்டு மேல போட மாட்டோமே."

"கீழே ஈரம் இல்ல அத்தான். மெஷின் பாத்துத்தான் போடுது."

"கீழ ஈரம் இல்லாட்டா இல்லாம போவுது. இன்னும் கொஞ்சம் இறக்கிப் போடச் சொல்லேன்."

ஆழத்தைப் புரோகிராமில் மாற்ற எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். டிராக்டரை நிறுத்தி, லேப்டாப்பில் ஒரு எண்ணைத் திருத்தவேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடுவில் கை வைத்தால் சோதனை கெட்டுப்போகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்னும் சில நாளில் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். அத்தான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியத்தான் செய்தது. "கம்ப்யூட்டர் பாத்துக்கிடும் அத்தான்," என்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். நாலு ஏக்கரும் மத்தியானத்துக்குள் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு தூறல். ஆறாம் நாள் வயல் முழுக்கப் பச்சை. வரிசை பிசகாமல், தலை சீவினதுபோல. பக்கத்து வயல்களில் ஒரு முளை இல்லை, எல்லாரும் புழுதியில் ஆழப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில் நின்று, "வந்து பாருங்கலே, எங்க மாப்ள மெசினை," என்று ஆள் ஆளாகக் கூப்பிட்டாராம்.

ஒன்பதாம் நாள் குழு வந்தது. முளைகளை எண்ணினார்கள், போட்டோ எடுத்தார்கள். அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். எப்படி இருக்கு என்று குழுவில் வந்த ஒரு அம்மா கேட்டார். "பிள்ளை பெத்த மாதிரி இருக்கும்மா," என்றார் அத்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதன்பிறகு மழை இல்லை. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். பத்து நாள், இருபது நாள், ஒரு பொட்டு இல்லை. முளைகள் முதலில் மடங்கின, பிறகு சுருண்டன, பிறகு கையால் தேய்த்தால் பொடியாயின. இன்று பெய்யும் நாளை பெய்யும் என்று, அழித்துவிட்டு மறுபடி விதைக்க அத்தானுக்கு மனசு வரவில்லை. அவர் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஒரு ஓரத்துக்கு ஊற்றியதாக அக்கா சொன்னாள். நாலு ஏக்கருக்குக் குடம்.

ஐப்பசி பாதியில் பெய்தது பாருங்கள், மூன்று நாள் விடாமல். பக்கத்து வயல்களில் அத்தனை விதையும் ஆழத்திலிருந்து ஏறி வந்தன. அத்தான் வயல் மட்டும் கறுப்பாக, பளபளவென்று, ஒன்றுமில்லாமல். மறுபடி விதைக்கலாம் என்றால் கரிசல் இறங்கவிடவில்லை. காய்கிறதுக்குள் கார்த்திகை.

நான் போனேன். அக்கா சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடியே கேட்டாள்: "நீ படிச்ச படிப்புக்கு எங்க விதைதான் கெடைச்சுதாலே?" அத்தான்தான் அவளை அதட்டினார். "ஏட்டி, சும்மா இரி. மழை ஏமாத்திட்டு, அவன் என்ன செய்வான்." ஊரிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். "நான்தான் அவசரப்பட்டு ஓட்டச் சொன்னேன், அவன் வேண்டாம்னுதான் சொன்னான்" என்று. என்னைத் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யை நான் என்ன செய்ய?

அறிக்கை எழுதினேன். ஒன்பதாம் நாள் முளைப்பு எவ்வளவு, பக்கத்து வயலில் அதே நாளில் எவ்வளவு. பக்கத்து வயலில் பூஜ்யம். ஒரு எழுத்து பொய் இல்லை. இருபத்தைந்தாம் நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. கட்டுரை வெளியானது. கல்லூரி வாசலில் என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். அந்த வருஷமே பேராசிரியர் ஆனேன். துறையும் மூடவில்லை. மெஷின் இப்போதும் ஒர்க்ஷாப்பில் தார்பாய் மூடி நிற்கிறது. வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவார்கள். இரண்டாவது தடவை அதை நான் எந்த வயலுக்கும் கொண்டுபோகவில்லை. புரோகிராமைத் திருத்திவிடலாம், பத்து நிமிஷ வேலைதான். திருத்தி யார் முகத்தில் முழிக்க?

அந்தத் தை கழிந்து அக்கா மகன் லீவு போட்டு வந்தான். சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதுகிறவர் கடையில் குத்தகைப் பத்திரம் எழுத ஏற்பாடு. சாட்சிக் கையெழுத்துக்கு அத்தான் என்னைத்தான் கூப்பிட்டார். நம்ம ஆளுன்னு ஒருத்தன் வேணும்லா மாப்ள என்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடகடவென்று படித்தார். நான்கு எல்லை, சர்வே எண், வருஷம். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "மேற்படி நிலம் பயிர் செய்ய லாயக்கற்ற தரிசு நிலம்" என்ற இடத்தில் தலை நின்றது.

"தரிசுன்னா போட்டிருக்கீக?"

"அப்படிப் போட்டாத்தான் கம்பெனிக்காரங்களுக்கு அனுமதி வாங்கச் சுலபம் அண்ணாச்சி. எல்லாருக்கும் அப்படித்தான் போடுதோம்."

"எங்க தாத்தா காலத்துலேருந்து வெளையுத பூமி வே அது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வீடு நிறைய வந்துச்சே."

பத்திரம் எழுதுகிறவர் என்னைப் பார்த்தார். நான் யாரென்று மகன் முன்பே சொல்லியிருக்கவேண்டும். "இந்த வருஷம் ஒண்ணும் வெளையலன்னு உங்க மகனே சொன்னாரே. சாரே விவசாய எஞ்சினியர், சாட்சியா கையெழுத்துப் போடுதாக. இதைவிட என்ன வேணும்?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். அது தரிசு இல்லை என்று மகனுக்கும் தெரியும், ஆனால் எடுத்துச் சொல்ல அந்தக் கடையில் அவருக்கு நான்தான் இருந்தேன். அதைச் சொன்னால், அந்த வருஷம் ஏன் விளையவில்லை என்றும் நான் சொல்லவேண்டிவரும். மின்விசிறி பேப்பரைத் தூக்கியது, மகன் கையை வைத்து அமுக்கிக்கொண்டான்.

அத்தான் பேனாவை எடுத்து அவரே என் கையில் கொடுத்தார். "போடு மாப்ள," என்றார். "பஸ்ஸுக்கு நேரமாவுது."

போட்டேன். கீழே அடைப்புக்குள் பதவியையும் எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதினேன்.