வெட்டியெடுத்த பெயர்

ஈப்போ பழைய நகரத்துக் கடைகளின் முன்னால் அப்பா வேகமாக நடந்துகொண்டிருந்தார். நான் பின்னால் ஓடினேன். அவருடைய சட்டைப் பையில் ஒரு காகிதம் இரண்டு துண்டுகளாக இருந்தது. காலையில் ஜெலாப்பாங்கில் பேருந்து ஏறியபோது அது ஒரே காகிதம். எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளி விடுமுறை.

அந்தக் காகிதத்தின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாணத்துக்கு முன் அப்பா சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூருக்கு ஓடிப்போய், ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலையில் இருந்தார். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஒரு குத்துச்சண்டை வீரர் அங்கே வந்து தங்கினார். அறைக்கு வெளுத்த துண்டு கொண்டுபோன அப்பாவிடம், பெயர் என்ன என்று கேட்டாராம். ஹோட்டல் காகிதத்தில் அந்தப் பெயரை எழுதி, 'என் நண்பனுக்கு' என்று சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா மறுபடியும் தோட்டத்துக்கே வந்து பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். தோட்டம் கைமாறியதும் நாங்கள் ஜெலாப்பாங்குக்கு வந்தோம்.

அந்த வாரம் பக்கத்துத் தெருவில் பிசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா, தள்ளுவண்டியையும் இடத்தையும் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போக இருந்தார். நாங்கள் ஈப்போ போன அன்று மாலைக்குள் முன்பணம் கொடுத்தால் வண்டி எங்களுக்கு. இல்லையென்றால் அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக நின்று பன்னிரண்டு மணி நேரம் காவல் காக்க வேண்டும். இனி யாருக்குக் கீழும் நிற்க அவருக்கு விருப்பமில்லை. இதை அவர் சொன்னதில்லை, அம்மாதான் சொல்வார். முன்பணத்துக்காகக் காகிதத்தை விற்கப் புறப்பட்ட அப்பா, கேட்ட விலைக்கே தூக்கிக் கொடுத்துவிட்டு வரக்கூடியவர் என்பதால், துணைக்கு என்னையும் அம்மா அனுப்பினார்.

கடைக்காரர் ஒரு செட்டியார். பழைய நாணயம், தபால்தலை, பிரபலமானவர்களின் கையெழுத்து ஆகியவற்றை வாங்கிச் சேகரிப்பவர்களுக்கு விற்பார். காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தார், சாய்த்துப் பார்த்தார், பின்பக்கத்தை விரலால் தடவினார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒரு தடித்த புத்தகத்தில் அச்சாகியிருந்த கையெழுத்துகளோடு ஒப்பிட்டார்.

"அசல்தான் தம்பி. ரப்பர் முத்திரை குத்தினது இல்ல. கூட வந்தவங்க போட்டதும் இல்ல. பேனா எங்கயும் தயங்கல பாருங்க."

"வெல போகுங்களா ஐயா?"

"நல்லா போகும். உங்க பேரு இருக்கிறதுனால கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். வாங்குறவங்களுக்கு அடுத்தவன் பேரு எதுக்கு, சொல்லுங்க?"

வாங்கக்கூடிய ஒருவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு விலை சொல்வதாகவும், சாப்பிட்டுவிட்டு வரும்படியும் சொல்லி, காகிதத்தை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா சாப்பிடவில்லை. மளிகைக் கடையில் ஒரு சவர பிளேடு வாங்கினார். காப்பிக்கடையில் மேசையை இரண்டு முறை துடைத்துவிட்டுக் காகிதத்தை விரித்தார்.

"என் பேரு எங்க முடியுது, காட்டு."

விரல் வைத்துக் காட்டினேன். கையெழுத்தின் முதல் எழுத்து மேலே நீண்டு அந்தப் பெயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கோடு வெட்டுப்படும்பா."

"பரவால்ல. ஆடாம புடி."

பக்கத்து மேசையில் இருந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பில்ல வெட்டிட்டு அப்படியே நழுவிப் போலாம்னு பாக்குறீங்களா?"

"வெல ஏத்துறேன் மச்சான்," என்று அப்பா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மரப்பட்டை சீவிப் பழகிய கை; ஒரு நூல்கூடப் பிசகவில்லை. காகிதத்தை இருபுறமும் அழுத்திப் பிடித்திருந்தவன் நான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைக்குத் திரும்பியதும் செட்டியார் உறையைத் திறந்து, வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க தம்பி? கொஞ்சம் கொறையும்னுதானே சொன்னேன்? அந்தப் பேருதானே சாட்சி? முன்னால நின்னவன்கிட்ட பேரு கேட்டு, அவரே எழுதினதுன்னு சொல்லித்தானே விக்க முடியும்? இப்ப எழுத்தும் அறுந்து கெடக்கு."

அப்பா சட்டைப் பையிலிருந்து மற்றத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். "ஒட்டிக்கலாங்களா ஐயா?"

"ஒட்டினா இன்னும் மோசம்."

"இடைஞ்சலா இருக்குன்னு நெனச்சிட்டேன்," என்றார் அப்பா. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். செட்டியார் எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைக்கப் பார்த்தார். அதற்குள் நாங்கள் தெருவில் இருந்தோம்.

பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான், பிறகு ஆயர் தாவார் செம்பனைத் தோட்டம், லாரி, மீன் சந்தை என்று எங்கெங்கோ வேலை செய்துவிட்டேன். ஒரு சாமானுக்கு விலை சரியில்லை என்றால் சாமானைக் குறை சொல்வார்கள், வாங்குபவனைத் திட்டுவார்கள், பேரம் பேசுவார்கள். தன் பெயர்தான் குறை என்று கேட்டதும், எவ்வளவு குறையும் என்றுகூடக் கேட்காமல் பிளேடு வாங்கப் போன மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அன்றைக்கோ, பேருந்தில் வரும் வழியெல்லாம் எனக்குச் செட்டியார் மேல்தான் கோபம்.

அம்மா துண்டுகளைப் பார்த்தார். "அந்தாளு வெட்டச் சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன ஏன்லா?"

மாலையில் வண்டியை வேறு யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை அப்பா ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்தவர் வேலையை விட்டுப் போன ஒருவரின் சட்டையை எடுத்துக் கொடுத்தார். மார்பில் அந்த ஆளின் பெயர் நூலால் தைத்திருந்தது.

"புதுசு வர ரெண்டு மாசம் ஆகும்லா. அதுவரைக்கும் இதயே போடுங்கண்ணே."

அப்பா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாசல் கம்பிக் கதவுக்கு உள்ளே போய் நின்றார். நான் வெளியே நின்று அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, சத்தமாகக் கூப்பிட்டேன். அப்பா உடனே திரும்பி, "என்னடா?" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே நின்று, அவரை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பிப் பார்த்தார்.