சூனியக்காரிக்கு முடி

கொழும்புக் கலைக் கண்காட்சிக்காக நான் செய்த சூனியக்காரிக்கு எல்லாம் இருந்தது, தலைமுடியைத் தவிர. உடம்புக்குப் பள்ளிவாசல்துறையில் வாங்கிய கிழிந்த மீன்வலை, வயிற்றுக்கு உப்புச் சாக்கு, கைகளுக்கு என் சமையலறையில் கருகிப்போன இரண்டு அகப்பைகள். முகம் வைக்கவில்லை. மார்க்கத்தில் உருவம் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் வேண்டும், அதுதான் காரணம். ஒவ்வொரு பெண்ணும் தன் முகத்தைப் பொருத்திப் பார்க்கட்டும் என்று கண்காட்சிக்காரர்களுக்கு எழுதியதெல்லாம் பிறகு தோன்றியது. அவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

வாயும் புத்தியும் உள்ள பெண்ணைத்தான் ஊர் சூனியக்காரி என்கிறது. ஆகவே முடி உண்மையான பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்கள் தில்லையடியில் கல்யாணத்துக்குத் தங்க மாலைகூட இரவல் கிடைக்கும், உதிர்ந்த முடி கிடைக்காது. சீப்பில் வந்ததைச் சுருட்டி ஒளித்துவைத்து, யார் கண்ணிலும் படாமல் புதைத்துவிடுவார்கள். கெட்டவர் கையில் அகப்பட்டால் செய்வினை செய்துவிடுவார்களாம். நானோ சூனியக்காரிக்கு என்று சொல்லியே கேட்டேன். என்னைப் பெற்ற உம்மாவே கதவைச் சாத்தினார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் சூனியக்காரியை ஏற்றிப்போக வேன் வரும். என் கணவரின் மூத்த சகோதரியான மதினி வீட்டுக்குப் போனேன். அவர் தேநீர் ஊற்றப் போன நேரம், ஜன்னல் இடுக்கில் செருகியிருந்த முடிச்சுருளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வெட்கம்தான். ஆனால் அது எனக்குக் கிடைத்த முதல் கண்காட்சி. நாற்பத்தாறு வயதுக்காரியை இன்னொரு முறை கூப்பிடுவார்களா?

வெள்ளிக்கிழமை காலை மதினி வாசலில் நின்றார்.

"என்ட முடிய எடுத்தியா?"

"ஓம் மதினி."

"யா அல்லாஹ்! நான் ஒனக்கு என்ன செஞ்சன்?"

விளங்கப்படுத்தலாம் என்று சூனியக்காரியைக் காட்டினேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. மதினி மேசையிலிருந்த கத்தரிக்கோலைத் தூக்கிவிட்டார். அவருடைய முடியையும் என்னுடையதையும் சேர்த்துப் பின்னிப் பசை வைத்து ஒட்டியிருந்தேன். இனிப் பிரிக்க வழியில்லை. வெளியே வேன்காரர் ஹோர்ன் அடித்தார்.

"மதினி, இது பொம்புளைகள்ட வல்லமைக்கு அடையாளம்."

"அந்த வல்லமைய ஒன்ட முடியில மட்டும் காட்டு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதினி குனிந்தார். கத்தரிக்கோல் நின்றது.

"இந்த வெள்ள முடி யார்ட?"

என்னுடையது இல்லை. நான் மாதம் தவறாமல் சாயம் பூசுகிறவள். மதினி சில மாதங்களாக வீட்டுக்குள்ளும் முக்காட்டைக் கழற்றாதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒன்டதானே?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"ஓம் மதினி, என்டதுதான்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "கறுப்பு மட்டுந்தான் என்ட. அத அந்த அட்டையில எழுது."

படைப்புக்குக் கீழே வைக்கும் அட்டையில் எழுதினேன்: கறுப்பு முடி, மதினியுடையது. வெள்ளை முடி, என்னுடையது. அவர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

கொழும்பில் மூன்று பெண்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நரையை மறைக்காமல் ஊரறியக் காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார் ஒருவர். முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, நன்றி சொன்னேன்.