அக்காவின் கேட்டறிங்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும். விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் அண்டாவெல்லாம் நசுங்கித்தான் திரும்பி வரும். ஆனால் அக்கா விஷயத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அக்கா விசேஷ வீடுகளில் சமைக்கிறவள். என்னைவிடச் சின்னவள்தான். இருந்தாலும் நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் தம்பிக்குப் பால்பல்கூட விழவில்லை. வளர்த்ததெல்லாம் இவள்தான். அக்கா அக்கா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவன் கத்திய கத்தலில் அந்தப் பெயரே தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது.

சமைத்து இறக்கியதும் மற்ற சமையல்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். இவள் முகம் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியோடு பந்திக்குள் போய்விடுவாள். பல் போன கிழவரிடம், "உங்களுக்குன்னு குழைய வெச்சது தனியா இருக்கு, கொண்டு வரவா?" என்பாள். சர்க்கரை வியாதிக்காரர் இனிப்பைப் பார்த்து முகத்தைத் திருப்பினால், "பாதி வைக்கிறேன், வீட்டுல போட்டுக் குடுக்க மாட்டேன்" என்பாள். என்ன வேணும் என்று கேட்காமல் யார் தட்டிலும் எதையும் போட மாட்டாள்.

அந்தக் கரண்டிதான் தம்பியைக் கேட்டரிங் படிக்க வைத்தது. எனக்கு அந்த வார்த்தையே பிடிபடவில்லை. "சமையல் படிக்க காலேஜாடா? உங்க அக்கா அடுப்படியில நின்னா போதாதா?" என்று கேட்டேன்.

"சமையல் அடுப்போட முடிஞ்சிடும் அத்தை" என்றான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "மேசை போடறது, தட்டு வைக்கிறது, பரிமாறுறது, வர்றவங்களுக்கு என்ன தேவைன்னு பார்த்துக் கவனிக்கிறது, கடைசியில கூட்டிப் பெருக்கறது, இதெல்லாம் சேர்ந்தாத்தான் கேட்டரிங்."

அக்கா சிரித்தாள். "அதைத்தானேடா நான் பண்ணிட்டிருக்கேன். கேட்டு அறிஞ்சு போடறது. கேட்டறிங்."

அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். "படிப்பு முடியட்டும்க்கா. அக்கா கேட்டரிங்னு போர்டு வைக்கிறேன். நீதான் முதலாளி."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டாள். என் கடைக்கு அண்டா எடுக்க வரும்போதெல்லாம் போர்டு புராணம்தான். அக்கா என்பது பெரிதாக இருக்க வேண்டுமாம், கேட்டரிங் சின்னதாக இருந்தால் போதுமாம். அவன் படித்து முடித்ததும், "இனிமே தம்பிகிட்ட பேசிக்கோங்க" என்று தன் வாடிக்கை வீடுகளை எல்லாம் அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

போர்டும் வந்தது. அதில் அவன் பெயரின் முதல் எழுத்து இருந்தது, கேட்டரிங் இருந்தது. அக்காவைக் காணோம்.

"அக்கான்னு போட்டா மெஸ் மாதிரி இருக்கும்க்கா. பெரிய இடத்துல ஆர்டர் தர மாட்டாங்க" என்றான்.

"படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் விழுங்கிக்கொண்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. "அந்தப் பேருலதானேடா நீ சோறு தின்னு வளர்ந்தே?" என்று கேட்டுவிட்டேன். அவள் என் கையைக் கிள்ளினாள்.

பிறகு ஒரு பெரிய மண்டபத்தில் கம்பெனி விருந்து ஒன்று கிடைத்தது. மண்டபத்து மேனேஜருக்குப் பிடித்துவிட்டால் இனி அங்கே நடக்கிற விசேஷமெல்லாம் தம்பிக்குத்தான். "அக்கா, நீ சமைச்சுக் குடுத்தா போதும், ஹாலுக்கு வர வேணாம். அங்க யூனிஃபார்ம் போட்டவங்கதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் தலையாட்டினாள். பாத்திரத்தோடு வந்திருந்த நானும் அவளும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, ஜனங்கள் சாப்பிடுவதை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜரும் தம்பியும் கதவருகிலேயே வந்து நின்றார்கள்.

"குழம்பு பிரமாதம். யார் சமையல்?" என்றார் மேனேஜர்.

அக்கா சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூப்பிடுவான் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நம்மகிட்ட வேலை பார்க்கிறவங்க சார். ஒரு ஸ்டாஃப்" என்றான் தம்பி.

"வளர்த்த கடா மாருல பாய்ஞ்சிருச்சு பார்த்தியா?" என்றேன் நான்.

"நீ சும்மா இரு" என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "போர்டுல வேணாம்னான், சரின்னேன். வாயிலயுமா வேணாம்?" என்றாள்.

முகம் கழுவினாள். சேலையை இழுத்துச் செருகினாள். குழம்பு வாளியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். நேரே தம்பி முன்னால் போய் நின்றாள். அவன் கையில் வெறும் தட்டு இருந்தது.

"சாருக்கு என்ன வேணும்?" என்றாள்.

"என்னக்கா இது, உள்ள போக்கா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

மேனேஜர் திரும்பினார். "அக்காவா?"

"ஸ்டாஃப் சார்" என்றாள் இவள், தம்பி மேலிருந்து பார்வையை எடுக்காமல். "கேட்டுத்தான் போடுவேன். சொல்லுங்க, என்ன வேணும்?"

அவன் மேனேஜரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவளும் காத்திருந்து பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியை அவன் தட்டில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது ரோட்டோரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நல்லா வேணும் அவனுக்கு, நன்றி கெட்ட பயல் என்று நான் பொரிந்து தள்ளினேன். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா" என்றாள், "ஸ்டாஃப்னு நானே சொல்லியிருப்பேனே."